பதினைந்தாவது பின்

மெல்பேர்னில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் பெய்லி பாலத்தையும் தெரியும். அவர்களாக ஆசைப்பட்டுத் தெரிந்துகொண்டதல்ல, நான்தான் விடவில்லை. பிறந்தநாள் விழாவோ செத்தவீடோ, பக்கத்துக் கதிரையில் ஆள் அகப்பட்டால் போதும், தொடங்கிவிடுவேன். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய இராணுவத்துக்காக உருவாக்கிய பாலம். முதல் படத்தைக் கடித உறையின் பின்பக்கத்தில் கீறியதாகச் சொல்வார்கள். பனல் என்பது ஓர் இரும்புச் சட்டம்; பத்தடி நீளம், 570 இறாத்தல், ஆறு பேர் தூக்கலாம். பனலோடு பனலைப் 'பின்' என்கிற இரும்பு முளையால் கோத்து, ரோலரில் வைத்துத் தள்ளினால் பாலம் தானாக அக்கரைக்குப் போகும், கிரேன் வேண்டாம். இதற்கு முந்திய போரில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் இங்லிஸ் செய்த பாலத்துக்கு நான் வந்து சேரும்போது, எதிரே இருப்பவர் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார்.

என் பெயர் மகேந்திரராஜா. வயது அறுபத்துமூன்று, வீடு ரோவில் புறநகரில். குளியலறைச் சாமான்கள் வைக்கும் ஒரு களஞ்சியத்தில் வேலை. தண்ணீர்க் குழாய்களையும் கொமட் மூடிகளையும் எண்ணுவேன். கேட்பவர்களிடம் "லொஜிஸ்டிக்ஸ்" என்பேன். ஊரில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் மட்டும் என் குரல் கொஞ்சம் கனக்கும். "பெய்லி பாலம் கட்டினனான்."

இது பொய். வவுனியாவில் வீதித் திணைக்களத்துக் களஞ்சியத்தில் எட்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். பாலம் கட்டப் போகிறவர்களுக்குப் பனலும் பின்னும் எண்ணிக் கொடுப்பேன், திரும்பி வந்தால் எண்ணி வாங்குவேன். கட்டிய பாலம் ஒன்றில் நடந்துகூடப் பார்த்ததில்லை. பொய்யைத் தொடக்கியவர் சிட்னி டூங்கபியில் இருக்கும் என் அண்ணன். நான் இங்கே வந்த பிறகு, 1998இல் எனக்குக் கலியாணம் பேசியபோது யாழ்ப்பாணத்துக்கு எழுதிய கடிதத்தில் "பாலம் கட்டும் எஞ்சினியர்" என்று போட்டார். நான் மறுக்கவில்லை. இராஜேஸ்வரி விமானமேறி வந்து இறங்கினாள். கூட்டி வந்த காரிலேயே அவளுக்கு ஒரு பனலின் எடையைச் சொன்னேன்.

2024இல் வயநாட்டு மண்சரிவுக்குப் பிறகு இராணுவம் பெய்லி பாலம் போட்டதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். என் மதிப்பு ஒரே வாரத்தில் ஏறிவிட்டது. பக்கத்துத் தெரு கோபாலகிருஷ்ணன் வீடு தேடி வந்தார். சென்னையில் படித்த நிஜமான எஞ்சினியர்.

"சார், பழைய இராணுவ வண்டி சேக்கிற கிளப் ஒண்ணு இருக்கு. அவங்ககிட்ட ஒரிஜினல் பெய்லி செட் முப்பதடிக்கு இருக்காம். அடுத்த மாசம் ஒரு பண்ணையில ஓடைக்கு மேல போட்டுக் காட்டப் போறாங்க. ஆள் வேணும்னாங்க. நம்ம கோயில் வாலண்டியர்ஸ் இருபது பேர் வர்றாங்க. நீங்கதான் தலைமை தாங்கணும்."

முடியாது என்று சொல்ல ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடத்தில் நான் செய்தது, "தொப்பி தருவினமோ?" என்று கேட்டதுதான்.

தந்தார்கள். வெள்ளைத் தொப்பி, மற்றவர்களுக்கெல்லாம் மஞ்சள். வந்தவர்களில் பாதிப் பேர் கணினி வேலைக்காரர்கள், கனமாகத் தூக்கிப் பழகியது அன்னதானச் சட்டி மட்டும். ஆனாலும் ஆறு ஆறு பேராகப் பனலைத் தூக்கினார்கள். கோபாலகிருஷ்ணன் இராணுவக் கைநூலைப் பார்த்து எது எங்கே என்று சொன்னார். நான் இடுப்பில் கைவைத்து, "ஓம், அப்பிடித்தான்" என்றேன். என் தலைமை முழுவதும் அந்த ஒரு வசனத்தில் ஓடியது. இராஜேஸ்வரி தேநீர் மேசையில் வடை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பாலத்துக்கு மூன்று பனல், முன்னால் வழிகாட்டிப் போகும் மூக்குக்கு இரண்டு பனல், இரண்டு பக்கமும் அப்படியே. கோத்து முடிந்ததும் தள்ளத் தொடங்கினோம். மூக்கு ஓடைக்கு மேல் அந்தரத்தில் மெல்ல நீண்டது. அதைப் பிடித்து ரோலரில் இருத்த, கோயில் பெடியன் நரேனும் இன்னும் மூன்று பேரும் அக்கரையில் கீழே நின்றார்கள். எனக்கு வேலை எதுவும் இல்லை. கை சும்மா இருந்தால் நான் எண்ணுவேன். பின் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினேன்.

காலையில் நான் எண்ணியபோது முப்பது பின் இருந்தது. ஒரு மூட்டுக்கு மேலொன்று கீழொன்று, எட்டு மூட்டுக்குப் பதினாறு போயிருக்க வேண்டும், மிச்சம் பதினான்கு. பெட்டியில் பதினைந்து கிடந்தது. திரும்ப எண்ணினேன். பதினைந்து.

வவுனியாவில் சாமான் வாங்க வந்த எஞ்சினியர் ஒருவர் ஒருமுறை சொல்லியிருந்தார்: பாலம் அந்தரத்தில் நீட்டி நிற்கும்போது அதன் மேல்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் நெருக்குப்படும். அதனால் கீழே ஒரு பின் இல்லாவிட்டாலும் வெளியே தெரியாது. மூக்கு அக்கரை ரோலரில் அமர்ந்ததும் எல்லாம் மாறும். கீழ்ப்பக்கம் இழுபட்டு, பின் இல்லாத மூட்டு பிளக்கும். நரேன் அந்த மூக்குக்கு நேர் கீழே கையைத் தூக்கியபடி நின்றான். இன்னும் ஐந்தடிதான்.

"நிப்பாட்டுங்கோ! ஸ்டொப்!"

எல்லோரும் நின்றார்கள். கோபாலகிருஷ்ணன் ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு சார்?"

"ஒரு பின் கூடக் கிடக்குது. எங்கேயோ ஒண்டு போடேல்லை."

"ஸ்பேர் ஒண்ணு அதிகமா வந்திருக்கும் சார். எண்ணினதுல தப்பு இருக்கலாம். இப்போ பாதியில நிறுத்துறதும் ரிஸ்க்."

"நான் எண்ணினதிலை பிழை வராது."

"எப்படி சார் அவ்வளவு உறுதியா சொல்றீங்க? நீங்க எஞ்சினியர், காலையில பின் எண்ணினது கிளப்காரங்கதானே..."

வேறு வழியில்லை. இருபது பேருக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னேன், எனக்கு மெதுவாகப் பேச வராது. "நான் எஞ்சினியர் இல்லைத் தம்பி. ஸ்டோர் கீப்பர். ஒரு பாலமும் கட்டினதில்லை. எட்டு வருசம் இந்தப் பின்னை எண்ணினதுதான் என்ரை வேலை. காலமையும் எண்ணினனான். பாலத்திலை ஒரு பின் குறையுது."

கூட்டத்திலிருந்து சஞ்சய் மெல்லக் கையைத் தூக்கினான். பெரிய வங்கியொன்றில் மென்பொருள் எழுதுகிறவன், முப்பத்தைந்து வயது.

"அங்கிள், இடது பக்கம், மூணாவது ஜாயின்ட், கீழ. ஓட்டை நேரா வரல. அப்புறமா அடிக்கலாம்னு ஃபோன்ல டு-டூ லிஸ்ட்ல போட்டு வச்சிருக்கேன்." போனைக் காட்டினான். உண்மைதான், சிவப்புக் கொடியோடு இருந்தது.

நரேனையும் மற்றவர்களையும் விலகச் சொல்லி, பாலத்தைப் பின்னால் இழுத்து, அந்தப் பின்னை அடித்து இறக்கினார்கள். நான் வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கோபாலகிருஷ்ணனிடம் கொடுத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இராஜேஸ்வரி நின்ற தேநீர் மேசைக்குப் போவதற்குப் பயமாக இருந்தது.

"கேட்டனீர்தானே?" என்றேன்.

"மலைக்கு அங்காலையும் கேட்டிருக்கும்" என்றாள் இராஜேஸ்வரி.

"இருபத்தாறு வருசமா உமக்கும் பொய்தான் சொன்னனான்."

"எனக்கு அப்பவே தெரியும். கடிதம் வந்த உடனை அப்பா வவுனியாவிலை இருந்த சொந்தக்காரரைக் கொண்டு உங்கட பழைய கந்தோரிலை விசாரிச்சவர். எஞ்சினியர் இல்லை, ஸ்டோர் கீப்பர், ஆனா அவரிட்டை ஒரு சாமான் குறையாது எண்டு சொன்னவையாம். அப்பாவுக்குக் கடிதத்திலை பொய் எழுதினது பிடிக்கேல்லை, வேண்டாம் எண்டவர். நான்தான் ஓம் எண்டனான்."

ஸ்டோர் கீப்பர் என்று தெரிந்தே கட்டியவளுக்கு முன்னால்தான், இத்தனை வருடமும் எஞ்சினியர் வேடம் போட்டிருக்கிறேன்.