பாதித் தலையில் சொன்ன விலை

மகனுக்கு மஞ்சள் காமாலை குணமானதும், வேண்டுதலை நிறைவேற்ற நானும் கணவரும் திருவண்ணாமலைக்குப் போனோம். கோயிலுக்கு வெளியே ஒரு கடையில் மொட்டைக்கு எவ்வளவு என்று கேட்டோம்.

"பத்து ரூபாதாங்க, உக்காருங்க" என்றார் கடைக்காரர்.

கணவருக்கு முடித்துப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார். அடுத்து நான் உட்கார்ந்தேன். இடுப்புவரை இருந்த என் பின்னலை முதலில் வெட்டிச் சாக்கில் போட்டுக்கொண்டார். பாதித் தலை மழித்ததும் கத்தியை நிறுத்தினார்.

"லேடீஸுக்கு அம்பது ரூபாம்மா. முடி ஜாஸ்தி, வேலையும் ஜாஸ்தி."

"நீளமா இருந்ததைத்தான் சாக்குல போட்டுட்டீங்களே. அதை வித்துக் காசு பாக்கப்போறதும் நீங்கதானே?" என்றேன்.

"இஷ்டம் இல்லன்னா எழுந்து போம்மா" என்று சிரித்தார்.

பாதி மொட்டையோடு எங்கே போவது? என் கணவரோ, "சாமி கும்பிட வந்த எடத்துல சண்ட வேணாம், குடுத்துடலாம்" என்றார். கொடுத்தோம். சன்னதியில் நிற்கும்போதும் அந்தச் சிரிப்புதான் நினைவுக்கு வந்தது.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கு மொட்டை என்றாலும், ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு என்று வரிசையில் நிற்கும் பெண்கள் காதிலும் விழும்படி கேட்கிறேன். இரண்டுக்கும் பதில் வரும்வரை தலையை நனைக்க விடுவதில்லை.