கட்டி வைத்த முழங்கால்

என் அக்கா சீனியம்மாளின் புருஷன் காசிமாயன் பத்து வருஷம் ஏற்றம் மிதித்தவர். அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் மிளகாய்த் தோட்டத்துக் கிணற்றில் அவர் உயரே ஏற்ற மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடப்பார். முன்னே போனால் தண்ணீர்ச் சால் கிணற்றுக்குள் இறங்கும், பின்னே வந்தால் ஏறும். நான் கிணற்று வாயில் நின்று தண்ணீரைச் சரிப்பேன், எண்ணிக்கையும் பாடுவேன். அவர் கால் தவறினால் என்னையும் இழுத்துக்கொண்டு கிணற்றில்தான் விழ வேண்டும்.

முப்பத்தாறாம் வருஷக் கோடையில் வரப்பில் அவர் முழங்கால் பிசகியது. கட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, ஒரு மாதம் கழித்து அவிழ்க்கச் சொன்னார். இவர் கேட்டால்தானே? "அவுத்தா மூட்டு கழண்டுரும் மாப்ள" என்று ஐந்து மாதம் அப்படியே வைத்திருந்தார். நானும் ஒரு மடையன், வாரம் ஒரு தரம் இறுக்கிக் கட்டிவிட்டேன்.

கடைசியில் புண் வந்ததென்று அக்காதான் அறுத்தெறிந்தாள். உள்ளே தொடை வற்றிப்போய்க் கிடந்தது. எழுந்து நின்றால் முழங்கால் மடங்கியது. மதுரைக்கு வண்டி கட்டினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, தொங்கிய காலில் முட்டிச் சில்லுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். நல்ல கால் வெடுக்கென்று உதைத்தது. மற்றது லேசாக அசைந்தது, அவ்வளவுதான்.

"உதைக்கணும்னு நீர் நினைச்சீரா?" என்றார் டாக்டர்.

"இல்லைங்க."

"அதான். எலும்பும் நாரும் மட்டும் மூட்டைத் தாங்காது. கால் வழுக்கினா உமக்குத் தெரியுமுன்னே தொடைச் சதை, முன்னாலயும் பின்னாலயும், இறுக்கிப் பிடிச்சுக்கும். அந்தச் சதையை வேலையில்லாம கட்டிப் போட்டுட்டீர்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இறுக்கியது இந்தக் கைதானே.

அதன் பிறகு டாக்டர் சொன்னபடி தினம் காலிலே மணல் மூட்டையைக் கட்டி நீட்டுவதும் மடக்குவதும், ஒற்றைக் காலில் நிற்பதும். மூன்று மாதம், நான்கு மாதம். "போதும் மாப்ள, அலுத்துப்போச்சு" என்பார். அவருக்குப் பதிலாக ஏற்றம் மிதிக்கக் கூலிக்கு வந்த ஆள் பாதி நாள் வராமல் நின்றான், செடி வாடியது. நானும் அலுத்துத்தான் போயிருந்தேன். ஆனால் விடவில்லை.

தை மாதம் மரத்தில் ஏறினார். காலையே பார்த்துப் பார்த்து நடந்தார்.

"கீழ பாக்காதீக மச்சான். என் எண்ணிக்கைய மட்டும் கேளுங்க" என்று பாட்டை எடுத்தேன். இருபதுக்கு மேல் அவர் நடை பழைய நடையானது.

எண்ணிக்கை நாற்பத்தொன்றில் நனைந்த மரத்தில் அந்தக் கால் வழுக்கியது. நான் பார்த்தேன். தொடை ஒரு தரம் விறைத்தது, முழங்கால் நின்றது. சாலில் கொஞ்சம் தண்ணீர் சிந்தியதோடு சரி. நான் பாட்டை நிறுத்திவிட்டேன்.

"என்ன மாப்ள, நிறுத்திட்ட?"

"வழுக்கிட்டீக மச்சான்."

"நானா?" குனிந்து காலைப் பார்த்தார். பிறகு வாய்க்காலைப் பார்த்தார். "சரி, எண்ணு. பாதிச் செடி காயுது."

நாற்பத்திரண்டு என்று ஆரம்பித்தேன். அவர் காலையே பார்த்துக்கொண்டு சாலைச் சரித்தேன்.