பூச்சிக்காரர் வீட்டுச் சுவர்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. பூச்சிக்காரர் என்றால் போதும். முதுகில் மருந்து டப்பா, கையில் பீச்சுகுழல், கழுத்தில் தொங்கும் முகமூடி. இருபத்திரண்டு வருடமாக ஊர்க் கரப்பான்களுக்கு அவர்தான் எமன். தற்பெருமையும் கடவுள் அவருக்குக் கொஞ்சம் தாராளமாகவே அளந்திருந்தார்.

"என் வீட்ல ஒரே ஒரு கரப்பான காட்டுங்க, தொழிலையே விட்டுர்றேன்" என்பது அவர் தினமும் சொல்லும் வசனம். பொய்யில்லை. மாதம் தவறாமல் தன் வீட்டு அடுக்களை, குளியலறை, கட்டிலுக்கு மேலிருந்த பரண் எல்லாவற்றிலும் மருந்து அடித்துவிடுவார்.

அவர் மனைவிக்கு மூன்று வருடமாக இரவில் மூச்சு இழுத்தது. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. பகலெல்லாம் கணீரென்று பேசுபவள், ஊர் அடங்கியபின் எழுந்து, தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்துவிடுவாள். நெஞ்சுக்குள் விசில் கேட்கும். இவர் இன்ஹேலரை எடுத்துக் கொடுத்துவிட்டு முதுகைத் தடவிக்கொண்டிருப்பார். ஊரையே நடுங்கவைத்த கை அது. அந்த நேரத்தில் அதற்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

"மருந்து மட்டும் போதாது" என்றார் டாக்டரம்மா. "ராத்திரியில இவ்வளவு வருதுன்னா வீட்டுக்குள்ள ஏதோ ஒண்ணு தூண்டி விடுது. ஒவ்வொண்ணா பாத்துக் கண்டுபிடிங்க. பூனை, நாய் இருக்கா? கனமான திரைச்சீலை? வாசனைப் பவுடர்? கரப்பான்?"

கடைசிக் கேள்விக்கு இவர் சிரித்தே விட்டார். "டாக்டர், யாரப் பாத்து என்ன கேக்கறீங்க!"

டாக்டரம்மாவும் சிரித்துவிட்டு, சீட்டில் எழுதியிருந்த கரப்பானைக் கோடு போட்டு அடித்துவிட்டார். அன்றே வேட்டை தொடங்கியது. அவளுடைய பழைய பஞ்சுத் தலையணை முதலில் போனது. அவள் கையாலேயே தைத்த திரைச்சீலை போனது. முகப்பவுடர் போனது, ஜன்னலோரத் தொட்டிச் செடிகள் போயின. போனதெல்லாம் அவள் பொருள்கள் என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது மாமியார் இல்லாத வீட்டிலும் செல்லும்போல. ஒவ்வொன்று போனதும் இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்குவாள், மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

கடைசியில் பூனை. ஒரு காலை விந்தி நடக்கும் கிழட்டுப் பூனை, ஐந்து வருடமாக அவள் காலடியிலேயே கிடந்தது. மளிகைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்த அன்று அவள் சாப்பிடவில்லை. அன்று இரவும் இழுத்தது. அழுததால்தான் என்று இவர் தீர்ப்புச் சொன்னார்.

வேறு வழியில்லாமல் டாக்டரம்மா தோல் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். சந்தேகப்பட்ட ஒவ்வொன்றின் சாற்றையும் முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து ஊசி நுனியால் கீறினார்கள். பூனைச் சொட்டு சும்மா இருந்தது. பஞ்சுத் தூசு சும்மா இருந்தது. ஒன்று மட்டும் சுண்டைக்காயாக வீங்கிச் சிவந்தது.

"கரப்பான்" என்றார் டாக்டரம்மா.

"நடக்காத காரியம். என் வீட்ல ஒண்ணு கூட உயிரோட கிடையாது."

"உயிரோட இருக்கணும்னு யாரு சொன்னா? செத்ததோட ஓடு, எச்சம் எல்லாம் காஞ்சு தூளாகும். மாசக்கணக்குல கெடக்கும். நீங்க மருந்தடிச்ச அப்புறம் செத்தத எல்லாம் அள்ளுவீங்களா?"

கொல்வதுதான் பூச்சிக்காரர் வேலை, அள்ளுவது வீட்டுக்காரர்கள் வேலை. அதுதான் தொழில் வழக்கம். தன் வீட்டில் அந்த வீட்டுக்காரர் தான்தான் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

மனைவியை அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முகமூடி கட்டிக்கொண்டு பரண் பலகையைக் கழற்றினார். அந்த வீட்டுக்குக் குடிவந்த பத்து வருடத்து வீரம் அங்கே பழுப்புச் சருகாகக் குவிந்து கிடந்தது. சரியாக அவள் தலைக்கு மேலே. தொட்டதும் பொடிந்தது. ஈரத்துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, மறுபடியும் துடைத்தார். நான்கு நாள் வேலைக்கே போகவில்லை.

எட்டாம் நாள் அவள் திரும்பி வந்தாள். இரண்டு இரவு தூங்கினாள். மூன்றாம் இரவு விசில்.

விடிந்ததும் கட்டிலுக்குப் பின்னாலிருந்த மின்பெட்டியைக் கழற்றி, ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு பெரிய தளத்தைப் பலகைச் சுவரால் நான்கு குடித்தனமாகப் பிரித்திருந்தார்கள். சுவரின் இரண்டு பலகைக்கும் நடுவே வெற்று இடைவெளி. இவர் மருந்துக்குப் பயந்து ஓடிய நான்கு வீட்டுக் கரப்பான்களும் அதற்குள்தான் போய்ச் செத்திருந்தன, முழங்கால் உயரத்துக்கு.

"சுவரப் பிரிக்கிறதா? நாலு குடித்தனத்தையும் நான் எங்க போகச் சொல்வேன்?" என்றார் வீட்டு உரிமையாளர். "முடியலைன்னா காலி பண்ணிக்கோங்க."

அவளை மறுபடியும் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வேறு வீடு தேடினார். தரகர் ஆறு வீடு காட்டினார். ஆறும் இவர் மருந்தடித்த வீடுகள். "இந்தக் கழுவுதொட்டி அடியில நானே எத்தன தடவ அடிச்சிருக்கேன் தெரியுமா" என்று ஒன்றிலும், "இது பின்னாடி சாக்கடை வாய்" என்று இன்னொன்றிலும் தலையை ஆட்டினார்.

"அண்ணே, உங்களுக்குக் காட்டுலதான் வீடு பாக்கணும்" என்று தரகர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் அவள் போன் செய்தாள்.

"வீடு அமைஞ்சுதா?"

"பாத்துட்டிருக்கேன்."

"நான் வந்துடறேங்க. இழுத்தா இழுத்துட்டுப் போகட்டும். மூணு வருஷம் சமாளிக்கலையா?"

"வராத." போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "உனக்கு இப்படி ஆனதே என்னாலதான். நீ வராத."

"உங்க மேல எனக்கென்ன கோவம். பூனையக் குடுத்தீங்களே, அதுக்கு மட்டும் கொஞ்சம் இருக்கு."

சிரித்தாள். பிறகு தங்கை பிள்ளைகளின் சேட்டையைச் சொல்ல ஆரம்பித்தாள். வார்த்தைகள் மெல்ல இடைவெளி விட்டன. பாதியில் நின்றேவிட்டன. இவர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். தூங்கிவிட்டாள்.

போனுக்குள் மூச்சு கேட்டது. நிதானமாகப் போனது, நிதானமாக வந்தது, விசிலே இல்லை. கல்யாணமான புதிதில் அவள் இப்படித்தான் தூங்குவாள். பூச்சிக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாத வீட்டில் அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.