உப்புக்குப் பொறுப்பு

புத்தளத்தில் ஓர் அரச அலுவலகத்தில் எனக்கு வேலை. குளிரூட்டிய அறை, சுழலும் கதிரை, ஓய்வூதியமுள்ள உத்தியோகம். வருகிற விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றுவேன். மேலே யாரோ அதைப் பார்ப்பார், அல்லது பார்க்க மாட்டார். கொட்டாவியை அடக்கியே எனக்குத் தாடை வலிக்கும்.

பஸ்ஸில் என் ஊரான எத்தாளைக்குத் திரும்பினால் வாசலிலேயே மகள் பிடித்துக்கொள்வாள். ஏழு வயது, கேட்டால் விடமாட்டாள்.

"வாப்பா, இண்டைக்கு என்ன செஞ்சீங்க?"

"வேலைதான் மகள்."

"என்ன வேலை?"

கடலுக்குப் போகிறவர் பிள்ளைக்கு மீனைக் காட்டலாம், தோட்டம் செய்கிறவர் வெங்காயத்தைக் காட்டலாம். நான் எதைக் காட்டுவது? உள்ளுக்குள் புழுங்கினேன்.

போன நோன்பில், பள்ளிவாசலில் ஒருநாள் கஞ்சி காய்ச்சும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். என் மனைவியின் தம்பிக்குச் சிரிப்பு.

"மச்சான் கதிரைய உட்டுட்டுக் கிடாரம் கிண்டப் போறாராம்!"

சிரித்தாலும் உதவிக்கு வந்தார். அரைநாள் லீவு போட்டு, லுஹர் தொழுததும் சாரத்தை மடித்துக் கட்டினேன். அண்டா போன்ற பெரிய கிடாரத்தில் அரிசி, இறைச்சி, இஞ்சி, தேங்காய்ப்பால். புகையில் கண் எரிந்தது, தோள் கழன்றுவிடும்போல இருந்தது. கொட்டாவி மட்டும் வரவேயில்லை.

நோன்புக் கஞ்சியில் ஒரு சிக்கல் உண்டு. காய்ச்சுகிறவர்களும் நோன்பாளிகள். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்பார்கள், எங்கள் பள்ளிவாசலில் அந்தப் பழக்கம் இல்லை. கையளவை நம்பி உப்புப் போட வேண்டியதுதான். போட்டுவிட்டு அசர் தொழப் போனேன். திரும்பி வந்தால் மனைவியின் தம்பியான மச்சான் கையைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்.

"உப்ப மறந்துட்டீங்க. நான் போட்டுட்டன்."

இரண்டு தரம் உப்பு. ஊரே நோன்பு திறக்கும் கஞ்சி. வெளியே பாத்திரங்களோடு சனம் சேரத் தொடங்கிவிட்டது. நோன்பில்லாமல் அங்கே நின்றவள் என் மகள் மட்டும்தான். கூப்பிட்டு அகப்பையில் கொஞ்சம் ஆற்றிக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தாள்.

"வாப்பா, கடல்தண்ணி!"

பாதியை வேறு கிடாரத்துக்கு மாற்றினோம். தண்ணீரும் அரிசியும் சேர்த்தோம். மச்சான் தேங்காய் துருவினார். நான் பால் ஊற்றிக் கிண்ட, மகள் ருசி பார்த்து இல்லையென்று தலையாட்ட, மறுபடி ஊற்ற, மறுபடி தலையாட்ட, கடைசியில் உதட்டை நக்கிக்கொண்டு சொன்னாள்:

"இப்ப சரி."

அவள் நாக்கை நம்பி ஊருக்கே அள்ளிக் கொடுத்தேன்.

நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள். நான் குடிக்காமல் சுற்றியிருந்தவர்களின் முகங்களையே பார்த்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. குடித்த கோப்பையை மறுபடியும் நீட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உத்தியோகம் கிடைத்த அன்றுகூட நான் அப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்ததில்லை.

அலுவலகம் அப்படியேதான் இருக்கிறது, கொட்டாவியும்தான். பெருநாள் கழிந்து பாடசாலையில் மகளின் ஆசிரியையைச் சந்தித்தேன்.

"நீங்க அரச உத்தியோகம் எண்டுதானே நான் நினைச்சன்?" என்று சிரித்தார்.

வாப்பாமார் என்ன செய்கிறார்கள் என்று வகுப்பில் கேட்டிருக்கிறார். என் மகள் எழுந்து சொல்லியிருக்கிறாள்:

"எங்கட வாப்பா ஊருக்குக் கஞ்சி காய்ச்சுறவர். உப்புக்குப் பொறுப்பு நான்."