வலது கையைப் பிடிச்சது நான்

இந்த மண்ணுல செங்கல் தேறாது, ஒரு மழைக்குக் கரைஞ்சு போகும்னு சொன்ன அதே ஊர்லதான் சூளை போட்டேன். அந்தச் சூளைதான் எனக்கு லாரி வாங்கிக் கொடுத்துச்சு, திருநகர்ல மாடி வீடு கட்டிக் கொடுத்துச்சு. படிப்பு நாலாங்கிளாஸ், அதுவும் வாத்தியார் பாவம் பார்த்துப் போட்டது. எந்தச் சாமியும் வந்து எனக்கு மண்ணு மிதிக்கல, எந்தப் பேயும் வந்து சூளையை அணைக்கல. அதனால பேய் பிசாசுன்னு எவனாச்சும் ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிருவேன். நீங்களும் இப்ப அப்படித்தான் போகப் பார்ப்பீங்க. போங்க, ஆனா முழுசாக் கேட்டுட்டுப் போங்க. எங்க வீட்டு ஆளுக இந்தக் கதையைப் பாதியாவே சொல்லிக்கிட்டுத் திரியிறாக, அதுதான் எனக்கு எரிச்சலு.

எண்பதுகளோட ஆரம்பம். என் சம்சாரத்தோட தம்பி மெட்ராஸ்ல ஆபீஸ் உத்தியோகம், லீவுக்கு வந்திருந்தான். வாயைத் திறந்தா, மெட்ராஸ் லைட்டைப் பார்க்கணும் மச்சான், மதுரையெல்லாம் ஒரு ஊரான்னு. வாடா மாப்ளன்னு ஒரு சாயங்காலம் நாகமலை மேல ஏத்திட்டேன். உச்சியில ஒரு பாறை வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், அங்கன நின்னா மொத்த மதுரையும் தெரியும். பொழுதடைஞ்சு கோபுரத்துப் பக்கம், ரயில்வே ஸ்டேஷன் பக்கம்னு லைட்டு எரிய எரிய, மாப்ள கண்ணை எடுக்கல. நான் சும்மா இருப்பேனா?

"அந்தா பார், பாதி லைட்டு நம்ம செங்கல்லதான் எரியுது."

"செங்கல்ல எங்க மச்சான் லைட்டு எரியுது? கரண்டுல எரியுது."

"செவரு இல்லாட்டி பல்பை உன் தலையிலயா மாட்டுவான்?"

"சரி, உங்க வீடு எங்க?"

காட்டினேன். அது திருநகரே இல்ல, திருப்பரங்குன்றம்னு சாதிக்கிறான். நான் குடியிருக்கிற இடத்தை எனக்கே சொல்லித் தர்றான்! முன்னால நின்னு பார்த்தாத் தெரியும்னு பாறை நுனிக்கே போயிட்டான்.

அந்நேரம் பார்த்துக் கரண்டு போச்சு. கீழ மதுரையே இல்ல. கண்ணைக் கட்டி விட்ட மாதிரி இருட்டு. மச்சான்னு ஒரு சத்தம், பாறையில செருப்பு தேய்ச்சுக்கிட்டுப் போற சத்தம். பாய்ஞ்சு படுத்தேன். என் இடது கை அங்கன இருந்த உசில மரத்தைச் சுத்திக்கிச்சு, வலது கையில அவனோட வலது மணிக்கட்டு அகப்பட்டுச்சு. ஆள் மொத்தமும் வெளிய தொங்குறான். நல்லாத் தின்னு வளர்ந்த உடம்பு. என் பிடி கொஞ்சங்கொஞ்சமா நழுவுது, இவன் அக்காகிட்ட என்னத்தைச் சொல்லுவேன்னுதான் மனசுல ஓடுது.

நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க, திடீர்னு பாரம் குறைஞ்சுச்சு. செங்கல் வண்டி தள்ளுனவனுக்கு இது தெரியும், பின்னால இன்னொருத்தன் தோள் கொடுத்தா கை தானா உணரும். அப்படித்தான் இருந்துச்சு. அவன் கத்துறான், "மச்சான், இடது கையை விடுங்க, எலும்பு முறியுது!"

நான் அவன் இடது கையைத் தொடவே இல்ல. என் இன்னொரு கை மரத்துல இருக்கு.

ஒரே இழுப்புல மேல வந்து விழுந்தான். "யார்றா அது?"ன்னு சத்தம் போட்டேன். காத்துகூட வீசல. கொஞ்ச நேரத்துல கரண்டு வந்துச்சு, பாறையில நாங்க ரெண்டு பேருதான்.

வீட்டுல அவன் சட்டையைக் கழட்டுனா இடது கையில, தோளுக்குக் கீழ அஞ்சு விரல் தடம். நான் மேல இருந்து பிடிச்சேன், அவன் வலது மணிக்கட்டுல என் விரல் தடமெல்லாம் கீழ பார்த்து இருந்துச்சு. அந்தத் தடம் மேல பார்த்து இருக்கு. கீழ இருந்து ஏந்திக் கொடுத்த மாதிரி. மறுநாள் வெளிச்சத்துல நானே போய்ப் பார்த்தேன், அந்தப் பாறைக்குக் கீழ ஆடு கால் வைக்கக்கூட இடமில்ல, அந்தரம்.

அம்புட்டுத்தான், கருப்பசாமி தாங்கிருச்சுன்னு ஊரே கிளம்பிருச்சு. மலையடிவாரத்துல கிடா வெட்டு. சாமிக்குப் போட்டது போக முதல் மாலை பூசாரிக்கு, அடுத்தது மாப்ளைக்கு. எனக்கு ஒரு நல்லி எலும்பு. மாலை எங்கடின்னு கேட்டா என் சம்சாரம் சொல்றா, "கூட்டிட்டுப் போய்த் தள்ளிவிடப் பார்த்த ஆளுக்கு மாலை வேறயா?" இன்னைக்கு வரைக்கும் விசேஷ வீட்டுல எல்லாம் இதே கதைதான், அதுல நான் இருக்கவே மாட்டேன்.

என் விரல் தடம் சீக்கிரமே மறைஞ்சு போச்சு. இடது கைத் தடம் மட்டும் போகல. போன மாசம் ஒரு கல்யாணத்துல மாப்ள சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டுறான். ஆளுக்கு உடம்பெல்லாம் தோல் சுருங்கிப் போச்சு, அந்த அஞ்சு விரல் மட்டும் நேத்துப் பிடிச்ச மாதிரி செவந்து கிடக்கு. பார்த்ததுல இருந்து எனக்குச் சரியாத் தூக்கம் இல்ல.

அது யாருன்னு எனக்குத் தெரியாது. கருப்புன்னே வச்சுக்கங்க, நான் சண்டைக்கு வரல. ஆனா அந்தக் கை வர்ற வரைக்கும் அவனை விடாமப் பிடிச்சிருந்தது யாரு? அடுத்த கிடா வெட்டுல எனக்கும் ஒரு மாலை விழணும். கருப்புக்கு அடுத்துப் போட்டாப் போதும், ஆனா பூசாரிக்கு முன்னால.