மில்காரரின் ஹாரன்

என் காரில் நான் கை வைக்காமல் விட்ட சாமான் என்று ஒன்றைத்தான் சொல்ல முடியும்: ஹாரன். ஏர் ஃபில்டர், சைலன்சர், ஸ்பிரிங், டயர், சீட்டு எல்லாம் மாறிவிட்டன. என்ஜினின் கம்ப்யூட்டரைக்கூட விட்டுவைக்கவில்லை. ஹாரனை மட்டும் யாரையும் தொட விட்டதில்லை. அது காரோடு வந்த ஹாரன் அல்ல, பழைய சொந்தக்காரர் சென்னையிலிருந்து தருவித்து மாட்டியது. எருமைபோல அடித்தொண்டையில் ஆரம்பித்து, முடியும்போது ஆட்டுக்குட்டிபோல மேலே ஏறும். விழுப்புரம் சிக்னலில் அடித்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பனமலை ஏரிக்கரை ரோட்டில் அந்தக் காலத்தில் நடந்தவர்கள், சைக்கிள் மிதித்தவர்கள் யாருக்கும் அதைக் கேட்டுச் சிரிப்பு வந்ததில்லை.

அந்தப் பழைய சொந்தக்காரரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அனந்தபுரத்தில் மல்லாட்டை உடைக்கும் மில் வைத்திருந்தார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பெயர். ஊருக்கெல்லாம் அவர் மில்காரர். அவரிடம் மூட்டை தூக்கியவர்களில் என் அப்பாவும் ஒருவர். அப்பாவைவிட மில்காரருக்கு வயது குறைவு. ஆனாலும் அப்பாவை அவர் ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவார். காரை மட்டும் ‘கண்ணு’ என்பார். வேப்பமரத்து நிழலில் நிறுத்திவிட்டுத் தன் தோள்துண்டாலேயே கண்ணாடியைத் துடைத்து, ‘வெயிலு தாங்குதா கண்ணு’ என்று கொஞ்சுவார். ஆள்கள் வெயிலில் மூட்டையோடு நிற்பார்கள். இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், யாரும் சொல்லிக் கேட்டதல்ல.

ரோட்டில் போகிற மற்றவர்களுக்கு அவர் ஹாரனை ஒரு தட்டுத் தட்டுவார். எங்கள் தெரு ஆள்கள் என்று தெரிந்தால் அமுக்கிய கையை எடுக்கமாட்டார். நாங்கள் நிலம் இல்லாதவர்கள், அவர் மில்லை நம்பியவர்கள். அதனால் ஹாரன் கேட்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி, அதை மண்ணில் தள்ளி, கார் போகிறவரை நிற்பது வழக்கமாகிவிட்டது. யாரும் சட்டம் போடவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் கால் தானாகக் கீழே இறங்கும்.

ஒரு மழைக்காலத்தில், அப்பா என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, அரைத்த கேப்பை மாவோடு வீட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தார். மாவுப் பை என் மடியில் சூடாக இருந்தது. பின்னால் எருமைக் குரல் ஆரம்பித்தது. அப்பா இறங்கிச் சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளினார். ஈரத்தில் கரை சரிந்தது. சைக்கிள், நான், மாவு எல்லாம் சேற்றுக்குள் போனோம். முன்னே போய் நின்ற கார் பின்னால் வந்தது. எங்களைத் தூக்கிவிடத்தான் வருகிறார் என்று நினைத்து நான் அழுகையை நிறுத்தினேன். மில்காரர் இறங்கி, காரின் கதவில் சேறு பட்டிருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தார். உள்ளே இருந்த சிநேகிதரிடம், “இவனுங்களுக்காகப் போயி பிரேக்கு கட்டையைத் தேய்ச்சிக்கினு இருக்கமுடியுமா? ஹாரன் போதும்” என்றார். சிநேகிதர் சிரித்தார். அப்பா இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு, “தப்பு எம்மேலதாங்க முதலாளி” என்றார்.

மன்னிப்பது பெரிய குணம் என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எனக்கு அந்தக் குணம் வரவில்லை, வரவேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை. அந்த இரண்டு வார்த்தையையும் நான் வளர்த்தேன். ஹாரன் போதும். படிக்கும்போதும், திண்டிவனத்தில் மோட்டார் பம்பு விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தபோதும், விழுப்புரத்தில் குடித்தனம் வைத்தபோதும் அவை கூடவே வந்தன.

விழுப்புரத்தில் பழைய கார் விற்கிற ஒரு புரோக்கரின் இடத்தில்தான் அந்த வெள்ளைக் காரை மறுபடி பார்த்தேன். நம்பர் எனக்கு மனப்பாடம். உள்ளே உட்கார்ந்து ஹாரனை அமுக்கினேன், அதே எருமை, அதே ஆட்டுக்குட்டி. மில்காரர் உயரமான கறுப்பு வண்டி ஒன்று வாங்கிவிட்டார், ‘கண்ணு’வைத் தள்ளிவிட்டார். அதைவிட நல்ல கார்கள் அங்கே நின்றன. நான் பேரம்கூடப் பேசவில்லை. ஒரு நாள் இந்தக் காரிலேயே அவரை முந்த வேண்டும், இந்த ஹாரனாலேயே அவரை ஓரம் கட்ட வேண்டும். எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

மறுநாள் ஊருக்கு ஓட்டிப்போனேன். ஏரிக்கரையில் அப்பா எனக்கு முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் ஹாரன் அடித்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குதித்து இறங்கி, சைக்கிளை வேலிகாத்தான் முள்ளுக்குள் தள்ளி, தலைத்துண்டை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். மில்லை விட்டு நின்று அவருக்குப் பல வருடம் ஆகியிருந்தது. நான் இறங்கி, “யப்பா, நான்தாம்ப்பா” என்ற பிறகுதான் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். “இந்த வண்டிதான் கெடச்சிதா உனுக்கு?” என்று கேட்டுவிட்டு, முழங்கையில் முள் கீறிய ரத்தத்தைத் துடைத்தபடி சைக்கிளிலேயே வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு எதற்கும் அவர் என் காரில் ஏறியதில்லை. பஸ்ஸில்தான் வருவார்.

காரை வேகமாக்கும் வேலையைக் கோட்டக்குப்பத்துப் பாய் ஒருவரிடம் கொடுத்தேன். வளைகுடாவில் ஒர்க்ஷாப்பில் இருந்துவிட்டு வந்து விழுப்புரத்தில் கடை போட்டவர். முதல் வேலையாக நான் பிரேக்கை மாற்றச் சொன்னதும் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். “இன்னா தம்பி நீ! ஸ்பீடு ஏத்தணும்னு வந்துட்டு மொதல்ல பிரேக்கக் காட்டுற?” என்றார். காரணத்தை நான் சொல்லவில்லை. இருப்பதிலேயே நல்ல டிஸ்க்காகப் போடச் சொன்னேன். அதன் பிறகு ஒவ்வொன்றாக மாற்றினோம். என் வீட்டில் ஒரு சோபாகூட இல்லாத காலத்திலும் அந்தக் காரில் ஏதாவது ஒன்று புதிதாக இருந்தது.

அப்படியும் என்ன நடந்தது தெரியுமா? ஒரு நாள் காலை திண்டிவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் கண்ணாடியில் அந்தக் கறுப்பு வண்டி தெரிந்தது. மிதித்தேன். கார் கத்தியது, நடுங்கியது, போனது. கறுப்பு வண்டி அலட்டிக்கொள்ளாமல் பின்னாலேயே வந்து விளக்கை அடித்து, ஹாரனையும் அடித்தது. அது வேறு ஹாரன், ஏதோ ஒரு சாதாரண ஹாரன். ஆனாலும் நான் யோசிப்பதற்குள் என் கை ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பிவிட்டது. ஒதுங்கி வழி விட்டேன். மில்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தில் வேலைக்குப் போகாமல் காரைத் திருப்பினேன்.

பாயிடம் போனேன். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இதுக்கு மேல ஏத்தணும்னா டர்போ மாட்டணும். மாட்டித் தர்றேன். ஆனா பழைய எஞ்சினு, எப்ப புட்டுக்கும்னு சொல்லமுடியாது. பேஜாரு புடிச்ச வேலை. பாண்டில ஒரு பார்ட்டி அமாவாசைக்கு அப்புறம் வெளிநாடு போறாரு, வண்டியக் குடுக்குறாரு. அது பறக்கும். இத்தத் தள்ளிவுட்டுட்டு ஜல்தியா அத்த எடு” என்றார்.

அந்தக் காரையும் புறவழிச்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். மிதித்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கறுப்பு வண்டி எல்லாம் இதற்கு முன்னால் நிற்காது. முந்தப்போவதை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். சுகமாகத்தான் இருந்தது, மில்காரரின் முகம் வருகிறவரை. அவர் என்ன நினைப்பார்? யாரோ ஒரு பையன் பெரிய கார் வைத்திருக்கிறான், போகிறான் என்று நினைப்பார். அவ்வளவுதான். அவருக்குச் சுடவேண்டுமானால் அவருடைய ‘கண்ணு’வே அவரை முந்த வேண்டும். அதற்கோ தெம்பு இல்லை. டர்போ மாட்டி இதை வெடிக்கவிடுவதா, பழியைப் பாதியாக்கிக்கொண்டு அதை வாங்குவதா?

ஊருக்குப் போனபோது அப்பாவிடமே கேட்டேன். அவர் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார், கூட்டேரிப்பட்டு விஷயம் உட்பட. அதற்கு மட்டும் அவர் கை கொஞ்சம் நின்றது. பிறகு டியூபைப் பார்த்தபடியே கேட்டார்.

“புது வண்டில இந்த ஹாரன் வருமா?”

“அது வராதுப்பா.”

“அப்ப வாணாம்.” டியூபை எடுத்து உதறினார். “அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போவணும். இதுலயே இட்டுக்கினு போ. வெடியகாலைல வாணாம், வெயிலு வந்தப்புறம் கெளம்பலாம்.”

எனக்குக் காதில் சரியாக விழுந்ததா என்றே சந்தேகம். அமாவாசைக் கூட்டத்துக்குப் பயந்து எல்லோரும் விடியுமுன் கிளம்புவார்கள். அவர் வெயில் வந்த பிறகு என்கிறார். காரில் ஏறுகிறேன் என்றதே பெரிதென்று நான் காரணம் கேட்கவில்லை.

அன்றைக்கு வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன். ஏரிக்கரைக்கு வந்ததும், “மெதுவாப் போ” என்றார். வளைவு திரும்பியதும் விளங்கிவிட்டது. நடு ரோட்டில், வெள்ளை வேட்டியும் காலில் ஷூவுமாக, போனில் பேசிக்கொண்டே மில்காரர் நடந்துபோய்க்கொண்டிருந்தார். “சக்கர ஜாஸ்தியாம். டாக்டரு தெனம் நடக்கச் சொல்லிக்கீறாரு” என்றார் அப்பா. நான் வருடக்கணக்காகக் காரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும்போது, இவர் வேறு கணக்குப் போட்டிருக்கிறார்.

நான் ஹாரனுக்குக் கையைக் கொண்டுபோவதற்குள் அப்பாவின் கை குறுக்கே வந்து அதில் விழுந்தது. மூட்டை தூக்கிக் காய்த்த உள்ளங்கை. அமுக்கியது அமுக்கியபடியே இருந்தது. எருமை ஆரம்பித்து ஆடு முடித்து, மறுபடி எருமை ஆரம்பித்தது. மில்காரர் துள்ளி ஓரத்துக்குப் பாய்ந்தார். ஒரு கால் சேற்றில் முழங்கால்வரை இறங்கியது, போன் எங்கேயோ விழுந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். கார் மிதித்த இடத்திலேயே நின்றது. அத்தனை வருடம் அந்த ஹாரனைச் சீட்டில் உட்கார்ந்து கேட்டவர், ரோட்டில் நின்று கேட்டது அன்றைக்குத்தான். காரைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது, முகத்தில் ரத்தமே இல்லை. அப்புறம்தான் உள்ளே யார் என்று பார்த்தார்.

அப்பா கண்ணாடியை இறக்கினார்.

“பயந்துக்காதீங்க முதலாளி. பையன் பிரேக்கு மாத்திக்கீறான். நல்லாப் புடிக்குதுங்க.”

மில்காரர் சேற்றில் புதைந்த காலை இழுத்தார், ஷூ வராமல் கால் மட்டும் வந்தது. “நீ போடா” என்றார் அப்பா என்னிடம். நான் போனேன். அவரை முந்திய வேகத்தைக் கேட்டால் பாய் சிரித்துப் புரள்வார். முதல் கியரில்தான் இருந்தேன்.

அனந்தபுரம் கடைத்தெருவுக்கு வந்துவிட்டோம். அப்பாவின் கை இன்னும் என் பக்கமாகவே, ஸ்டியரிங்குக்குக் கிட்டேயே இருந்தது. பாண்டிக்காரரின் கார் வேண்டாம் என்று பாயிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். செஞ்சி ரோட்டில் திரும்பும்போது அப்பா ஹாரனை ஒரு விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“வர்றப்பவும் இந்த வழியாத்தானே வருவோம்?”