அம்மா மேல் சத்தியம்

போன வருஷம் ஐப்பசி மழையில் நடந்தது. எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில். எனக்கு வேலை கங்கைகொண்டானில், ஒரு கம்பெனியில். கணவர் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வெளியூர். நான்காம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளி விட்டு வந்தால் நான் திரும்பும்வரை தனியாகத்தான் இருப்பாள்.

அவசரத்துக்கு என்று வீட்டில் ஒரு பழைய செல்போன் வைத்திருந்தோம். அவளுக்கு எந்நேரமும் அதில் வீடியோதான். நேரம் குறித்துக் கொடுத்தேன், ஒளித்து வைத்தேன், அடிக்கவும் செய்தேன். ம்ஹூம். வேலை முடிந்து வந்து தினமும் இந்த மல்லுக்கட்டு என்றால் யாருக்குத்தான் தெம்பு இருக்கும்? ஒருநாள் ஆற்றமாட்டாமல் அவள் கையை என் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டேன்.

"நான் வாரதுக்கு முன்னாடி போனைத் தொட்டன்னா அம்மா செத்துப் போயிருவேன், பாத்துக்கோ!"

அன்றோடு அவள் அந்தப் பக்கமே போகவில்லை. அப்பாடா என்றிருந்தது.

அந்த மழை நாளில் தச்சநல்லூர் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறி, கம்பெனி வேன் நின்றுவிட்டது. இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போன் அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டில் விசாரிக்கலாமென்றால் அவர்களும் ஊரில் இல்லை. ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டாளோ, வாசலில் வழுக்கி விழுந்தாளோ என்று என்னென்னவோ நினைப்பு. "பயப்படாதிய, பிள்ள உறங்கியிருக்கும்" என்று வேன் ஓட்டும் அண்ணாச்சி சொன்னது காதிலேயே ஏறவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன்.

கரண்ட் இல்லை. போன் மேசை மேல் இருந்தது. மகள் எதிர்ச் சுவரோடு ஒண்டி, காதைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, இத்தனை தடவை அடிக்கேன், எடுத்தா என்னட்டி?"

"எடுத்தா நீ செத்துப் போயிருவல்லாம்மா!"

பாவி நான். அந்த இருட்டில், அம்மா சாகக்கூடாது என்றுதான் பிள்ளை போனைத் தொடாமல் இருந்திருக்கிறாள். "அது சும்மா சொன்னதுட்டி" என்று கட்டிப்பிடித்துச் சொன்னால் நம்பவில்லை. போனை எடுத்து அவள் கையில் திணித்தேன். அதை வைத்துக்கொண்டு, எனக்கு ஏதாவது ஆகிறதா என்று என் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது சாப்பிடும்போது போன் கிடையாது, பாடம் முடித்தபின் அரை மணி நேரம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். அரை மணி தினமும் முக்கால் மணியாகிறது. "இன்னும் கொஞ்சம்மா" என்பாள், நான் கத்துவேன், அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னோடு மல்லுக்கு நிற்கிற பிள்ளை என் உயிரைத் தன் தலையில் சுமக்கவில்லை என்ற நிம்மதியில், இந்த அலுப்பைப் பொறுத்துக்கொள்கிறேன்.